ஹொனலுலுவில் மட்டையும் பந்தும்: கார்ட்ரைட் வந்து இறங்கும் முன்பே ஆடிய பிள்ளைகள்

உப்புக்காற்று:

பேஸ்பால் பற்றித் தமிழில் பேச ஆள் கிடைப்பது கடினம். பழைய விளையாட்டுகளைப் பற்றி அக்கறையோடு எழுதுகிறவர்கள் இங்கே சிலர் இருப்பதால் துணிந்து இழை தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் பேஸ்பால் புகழ் மண்டபம் இருக்கிறது. அங்கே 1938இல் அலெக்சாண்டர் கார்ட்ரைட் என்பவருக்கு இடம் கொடுத்தார்கள். அவருடைய பட்டயத்தில் 'நவீன பேஸ்பாலின் தந்தை' என்று பொறித்திருக்கிறது. ஓடுகிறவர் தொட்டு வர வேண்டிய தளங்களுக்கு ('பேஸ்') நடுவே 90 அடி வைத்தது, ஒன்பது பேர் அணி, ஒன்பது இன்னிங்ஸ், எல்லாம் அவர் கணக்கில். கடைசி வரியில், பசிபிக் கரைக்கும் ஹவாய்க்கும் பேஸ்பாலைக் கொண்டுபோனவரும் அவரே என்கிறது.

அவர் ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்தில் வந்து இறங்கியது 1849 ஆகஸ்ட் 28. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹொனலுலுவில் 1840இல் 'பாலினேசியன்' என்ற வார இதழ் தொடங்கியது. ஆசிரியர் ஜேம்ஸ் ஜாக்சன் ஜார்வஸ், பாஸ்டனில் பிறந்த இளைஞர். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஒரு சிறு குறிப்பில், ஊரின் பூர்வகுடிப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, மட்டையும் பந்தும் வைத்து ஆடுவதைப் பார்க்க மனம் குளிர்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டதும் பொதுத்திடலுக்கு ஓடிப்போய் ஆடினோமே, அதே ஆட்டம் என்கிறது குறிப்பு. கூடவே ஓடிப்பிடிக்கிற விளையாட்டு பற்றியும் ஒரு வரி.

கார்ட்ரைட் வருவதற்கு முழுதாக எட்டரை ஆண்டுகளுக்கு முன்! நியூயார்க்கில் அவருடைய நிக்கர்பாக்கர் சங்கம் 1845இல்தான் விதிகளை எழுதி வைத்தது. அதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே ஹொனலுலுப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அப்படியிருக்க, 'கொண்டுபோனவர்' என்று ஒருவரை மட்டும் எப்படிச் சொல்ல முடியும்?


மட்டைவீச்சு:

நல்ல தகவல், நண்பரே. ஆனால் ஒரு மறுப்பு. மட்டையால் பந்தை அடித்தால் அது பேஸ்பால் ஆகிவிடாது. அப்படிப் பார்த்தால் கிட்டிப்புள்ளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

1845 விதிகளில் ஒன்று எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. ஓடுகிறவர்மேல் பந்தை எறியக் கூடாது. அதற்கு முன்பிருந்த ஆட்டங்களில் ஓடுகிறவனைப் பந்தால் அடித்தால் அவன் அவுட். நம்மூர் முதுகு பஞ்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடி விழும் என்பதால் பந்து மெத்தென்று இருந்தாக வேண்டும். மெத்தென்ற பந்து தூரம் போகாது. எறியக் கூடாது என்று விதி வந்ததும் பந்து கெட்டியானது, தூரம் பறந்தது, மைதானம் விரிந்தது, பெரியவர்கள் ஆடுகிற ஆட்டமாக மாறியது. இந்த ஒரே மாற்றத்தில் ஆட்டத்தின் உடம்பே மாறிவிட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஹொனலுலு போனவர் கார்ட்ரைட். 1840இல் பிள்ளைகள் ஆடியது வேறு ஏதோ ஒன்று.


நாவலடியாள்:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் கதைக்கிறதைப் படித்தவுடன் எனக்கு எல்லே நினைவுக்கு வந்துவிட்டது. இலங்கைக்கு வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தடியால் பந்தை அடித்துவிட்டு வட்டமாக ஓடி வர வேண்டும். அடிக்க மூன்று வாய்ப்பு. பந்தைப் பிடித்தாலும் அவுட், ஓடும்போது பந்து உடம்பில் பட்டாலும் அவுட். பள்ளிக்கூடக் காலத்தில் எங்கள் பெண்கள் அணியில் ஆடியிருக்கிறேன். முதுகில் வாங்கிய ரென்னிஸ் பந்தின் சுளீர் இன்னும் மறக்கவில்லை. மட்டைவீச்சு அண்ணா சொல்லும் அந்தப் பழைய விதி எங்கள் தீவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

இன்னொன்று. ஹவாய்க்கு 1820இல் வந்த மிஷனரிகளை அனுப்பியது பாஸ்டனில் இருந்த அமெரிக்க மிஷன் சபை. அதே சபைதான் 1816இல் யாழ்ப்பாணத்துக்கும் ஆட்களை அனுப்பியது. வட்டுக்கோட்டை செமினரி 1823, உடுவில் மகளிர் பள்ளி 1824 என்று இங்கே நடந்ததெல்லாம் அந்தச் சபையின் வேலை. அவர்களின் தமிழ்ப் பத்திரிகை உதயதாரகை 1841இல் தொடங்கியது, உங்கள் பாலினேசியனுக்கு ஒரு வயது இளையது. ஒரே ஊரில் இருந்து புறப்பட்ட ஆட்கள் இரண்டு தீவுகளில் பள்ளியும் அச்சுக்கூடமும் வைத்திருக்கிறார்கள். இந்தத் தொடர்பை யாரும் பேசி நான் கேட்டதில்லை.


பழையஏடு:

நாவலடியாள் சொன்னது மிகச் சரியான திசை. பாஸ்டன் இருக்கும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதிதான் நியூ இங்கிலாந்து. அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டால் பல விஷயம் விளங்கும். ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நியூ இங்கிலாந்தில் பந்தாட்டம் என்றால் ஒன்று கிடையாது. ஊருக்கு ஒரு வகை. மாசசூசெட்ஸில் 'ரவுண்ட் பால்'. தரையில் கம்பு நட்டு அதைச் சுற்றி ஓடுவார்கள், ஓடுகிறவனைப் பந்தால் அடிக்கலாம். ஆள் குறைவாக இருந்தால் 'ஓல்டு கேட்'. கனெக்டிகட் பக்கம் 'விக்கெட்' என்றொரு ஆட்டம். பெயரைப் பார்த்து நம் கிரிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் விக்கெட் மிகத் தாழ்வாகவும் மிக அகலமாகவும் இருக்கும், தரையோடு கிடக்கும் நீளக் குச்சி என்றே சொல்லலாம். பெரிய பந்தைத் தரையில் உருட்டி விடுவார்கள். மட்டை கனமானது, நுனி அகன்று பெரிய அகப்பை போல இருக்கும், அதைத் தரைக்கு அருகே தாழ்த்திப் பிடிக்க வேண்டும். அணிக்கு முப்பது பேர் கூட இருப்பார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் 1778 மே மாதம் வேலி ஃபோர்ஜ் முகாமில் தன் அதிகாரிகளோடு விக்கெட் ஆடியதாக ஒரு படைவீரரின் நாட்குறிப்பில் வருகிறது.

இந்த விக்கெட் ஹவாய் வரை போயிருக்கிறது. மிஷனரிக் குடும்பங்கள் ஆடியிருக்கின்றன. பந்தை அடித்துவிட்டுச் சுற்றி ஓடும் ஆட்டத்துக்கு ஹவாய் மக்கள் வைத்த பெயர் 'ஐபுனி'. 'புனி' என்றால் சுற்றி வருவது, சூழ்வது. அடித்தவன் சுற்றி ஓடி வருவதைப் பார்த்து அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். வெறுமனே பார்த்துக் காப்பியடிக்கிறவர்கள் வெளியாள் சொன்ன பெயரைத் திரித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். தங்கள் மொழியில் ஆட்டத்தின் சாரத்தைப் பிடித்துப் பெயர் வைத்தவர்கள் அதைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பது என் கருத்து.


உப்புக்காற்று:

ஐயா, 'ஐபுனி' என்ற சொல்லைக் கேட்டதும் சிலிர்த்துப் போனது. நன்றி.

மட்டைவீச்சு, நீங்கள் சொல்லும் வேறுபாட்டை ஏற்கிறேன். எறியக் கூடாது என்ற விதி பெரிய மாற்றம். ஆனால் பட்டயத்தில் எழுதியிருப்பதில் அது கிடையாது, கவனித்தீர்களா? அதில் இருப்பதெல்லாம் 90 அடி, ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். இவை மூன்றும் முடிவானது 1857இல் நியூயார்க் சங்கங்கள் கூடிய மாநாட்டில். 1845 விதியில் தளத் தூரம் 42 தப்படி என்று மட்டும் இருக்கிறது, அதுவும் எதிரெதிர்த் தளங்களுக்கு நடுவே. யார் முதலில் 21 ஓட்டம் எடுக்கிறார்களோ அவர்களே வெற்றி, இன்னிங்ஸ் கணக்கே கிடையாது. 1857 மாநாடு நடந்தபோது கார்ட்ரைட் ஹொனலுலுவுக்கு வந்து ஏழு ஆண்டு தாண்டிவிட்டது. அந்த வேலையில் முன்னால் நின்றவர் டாக் ஆடம்ஸ் என்ற மருத்துவர். அவர் இன்னும் அந்த மண்டபத்துக்குள் நுழையவில்லை. கார்ட்ரைட்டின் பேரன் 1930களில் ஹொனலுலுவிலிருந்து விடாமல் கடிதம் எழுதித் தாத்தாவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். பேரனுக்குத் தாத்தாமேல் இருந்த பாசத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆடம்ஸுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் கடிதம் எழுத யாரும் இல்லை.


கயல்:

நான் பேஸ்பால் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் 'ஆணும் பெண்ணுமாக' என்ற அந்த ஓர் இடத்திலேயே நின்றுவிட்டேன்.

1840 என்றால் மிஷனரிகள் வந்து இருபது ஆண்டு. ஹூலா நடனத்தைப் பாவம் என்று ஒதுக்கினார்கள். பழைய விளையாட்டுகள் பலவும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அறுவடைக்குப் பிறகு வரும் மகாஹிகி திருவிழாக் காலம் முழுக்க ஹவாய் மக்கள் குத்துச்சண்டை, சறுக்கு, வட்டக் கல்லை உருட்டி விடும் மைகா என்று விளையாடித் தீர்ப்பார்கள். அவையெல்லாம் தளர்ந்துபோன நேரத்தில் பிள்ளைகள் கையில் ஒரு மட்டை வருகிறது. பாஸ்டன்காரரான ஆசிரியர் அதை 'நாகரிகம் வளர்வதன் அடையாளம்' என்ற தோரணையில் பார்க்கிறார். எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. ஆடவும் ஓடவும் காலங்காலமாகப் பழகிய பிள்ளைகள், கிடைத்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளும் சேர்ந்து ஆடியது அந்த ஊரின் சொந்தப் பழக்கம் என்றே நினைக்கிறேன். கடல் அலையில் சறுக்குவதில் ஆணுக்குச் சமமாகப் பெண்கள் இருந்த தீவு அது.

ஒரு சந்தேகம் ஐயா. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? மிஷனரிகளா, கப்பல்காரர்களா?


பழையஏடு:

நல்ல கேள்வி, மகளே. இரண்டு வழியும் திறந்தே இருந்தது.

ஹொனலுலு என்ற பெயருக்கே ஒதுங்கு துறை என்று பொருள். நுவானு ஓடையின் நன்னீர் கடலில் கலக்கும் இடத்தில் பவளம் வளரவில்லை, அதனால் பாறைத் தொடரில் இயற்கையாக ஒரு வாசல் விழுந்தது. அந்த வாசல் வழியாகத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் வந்தன. ஹவாய்த் தீவுகளுக்கு முதல் வேட்டைக் கப்பல்கள் வந்தது 1819இல், 1840களில் ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மாலுமிகள் கரையில் குவிவார்கள். பெரும்பாலானவை நியூ பெட்ஃபோர்டு, நாண்டக்கெட் கப்பல்கள், மிஷனரிகளின் அதே நியூ இங்கிலாந்து. கரையில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஆகவே ஆகாது. சாராயம், பெண்கள் என்று எல்லாவற்றிலும் சண்டை. இரண்டு கூட்டமும் சிறுவயதில் ஆடிய பந்தாட்டம் மட்டும் ஒன்றே.

புனஹோ பள்ளியை மூலமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அது திறந்தது 1842 ஜூலையில். அதற்கு முன் மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளை ஆறு ஏழு வயதிலேயே கப்பலேற்றி, தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி நியூ இங்கிலாந்துக்கு அனுப்பிவிடுவார்கள். மாதக்கணக்கான பயணம், பல தாய்மார்கள் அந்தப் பிள்ளையை மீண்டும் பார்க்கவே இல்லை. அந்த வேதனை தாங்காமல்தான் ஊரிலேயே பள்ளி கட்டினார்கள். அங்கே பந்தாட்டம் செழித்தது உண்மை. ஆனால் 1840 டிசம்பர் குறிப்பு பள்ளிக்கு முந்தியது. ஆகவே புனஹோவையும் மூலம் என்று சொல்ல வழியில்லை.


மட்டைவீச்சு:

இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பட்டயத்தைப் பற்றி உப்புக்காற்று சொன்னது சரி, அதை விட்டுவிடுகிறேன். ஆனால் கார்ட்ரைட்டை முழுதாக ஒதுக்குவதற்கு முன் ஒரு கடிதத்தைப் பாருங்கள்.

1865 ஏப்ரலில் ஹொனலுலுவில் இருந்து தன் பழைய சங்கத் தோழர் சார்லஸ் டிபோஸ்ட் என்பவருக்கு அவர் எழுதியது. நியூயார்க்கின் மரே ஹில் மேட்டில் ஆரம்பத்தில் ஆடிய அந்த அசல் பந்து இன்னும் தன்னிடம் இருக்கிறது என்கிறார். மலையிலும் புல்வெளியிலும் அதன் பின்னால் ஓடியிருக்கிறாராம், இங்கே ஹவாயின் வெயில் வெளியிலும் அதே மகிழ்ச்சியோடு ஓடியிருக்கிறாராம். சங்கங்கள் பரிசாக வைத்து ஆடட்டும் என்று ஊருக்கு அனுப்பலாமா என்று பலமுறை நினைத்தாராம். பிரிய மனம் வரவில்லை, வீட்டு நினைவெல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதுகிறார்.

பதினாறு வருடம்! தங்கம் தேடி நியூ ஜெர்சியில் இருந்து கலிபோர்னியா வரை தரை வழியாக நடந்தவர். அங்கே வயிற்றுப்போக்கு வந்து படுத்து, கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவர். இத்தனையிலும் அந்தப் பந்தை விடவில்லை. அப்புறம் கணக்கர், வணிகர், தீயணைப்புப் படைத் தலைவர், எம்மா ராணியின் பண விவகாரங்களைப் பார்த்தவர் என்று அந்த ஊரோடு ஊராகிவிட்டார். 1892 ஜூலையில் அங்கேயே இறந்தார், நுவானுவில் உள்ள ஓவாஹு கல்லறையில் இருக்கிறார்.

'ஹவாயில் அந்தப் பந்தின் பின்னால் ஓடினேன்' என்கிறார் அல்லவா, தனியாகவா ஓடியிருப்பார்?


உப்புக்காற்று:

இந்தக் கடிதத்தை நான் கவனித்திருக்க வேண்டும். கொண்டுவந்ததற்கு நன்றி, மட்டைவீச்சு. என் முதல் பதிவில் அவரை ஏதோ தட்டிப் பறித்தவர் போல எழுதிவிட்டேன், அந்தத் தொனி தவறு. பட்டயம் எழுதியது அவர் இறந்து நாற்பத்தாறு ஆண்டுக்குப் பிறகு. அவர் கேட்டு வாங்கியது கிடையாது.

இப்போது எனக்குத் தோன்றுவது இதுதான். அவர் வந்த ஊரில் மட்டை, பந்து, சுற்றி ஓடுவது எல்லாம் ஏற்கெனவே பழகியிருந்தன. அவர் தன் பந்தோடு அதில் ஒரு ஆளாகச் சேர்ந்தார். 1860களின் நடுவில் ஹொனலுலுவில் பெயர் வைத்த சங்கங்கள் மோதத் தொடங்கியபோது ஊருக்கு ஆட்டம் புதிதாக இருக்கவில்லை, விதிகள் மட்டுமே புதியவை. ஹொனலுலுவின் மகிகி பகுதியில் உள்ள பழைய மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள், அது இருக்கட்டும். பக்கத்தில் ஐபுனி என்று ஒரு வரி இருந்தால் என் மனம் நிறையும்.


கயல்:

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெயர் ஏன் இல்லை என்று தேடியபோது கண்ணில் பட்டது இது.

1848இலும் 1849இலும் தட்டம்மை, கக்குவான் இருமல், இன்ஃபுளுவென்சா மூன்றும் அடுத்தடுத்துத் தீவுகளைத் தாக்கியிருக்கின்றன. மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் போயிருக்கலாம் என்கிறார்கள். 1853இல் பெரியம்மை, அதில் அதிகம் இறந்தது ஹொனலுலு இருக்கும் ஓவாஹு தீவில். 1840இல் பத்து வயதில் பந்தடித்த ஒரு பெண் 1849இல் பத்தொன்பது வயதுக்காரி. கார்ட்ரைட் கப்பலில் இருந்து இறங்கிய ஆகஸ்டில் அவள் உயிரோடு இருந்தாளா? அவள் மட்டையை யார் எடுத்தார்கள்? இதைப் படித்த பிறகு எனக்கு இது வெறும் விளையாட்டு வரலாறாகத் தெரியவில்லை.


பழையஏடு:

கயல் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தட்டச்சு செய்ய வரவில்லை.

இழையில் விட்டுப்போன ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1888இல், பேஸ்பால் ஆட்டக்காரராக இருந்து விளையாட்டுச் சாமான் வணிகரான ஆல்பர்ட் ஸ்பால்டிங் இரண்டு தொழில்முறை அணிகளோடு உலகம் சுற்றக் கிளம்பினார். அமெரிக்கக் கரையை விட்ட பிறகு முதல் நிறுத்தம் ஹொனலுலு. நவம்பர் 24 சனிக்கிழமை ஆட்டம் என்று ஊரே காத்திருந்தது. 'அலமேடா' கப்பல் ஒருநாள் தாமதமாகி ஞாயிறு காலையில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை விளையாடக் கூடாது என்பது மிஷனரிகள் காலத்திலிருந்து வந்த சட்டம். ஊர்க்காரர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், ஸ்பால்டிங் சட்டத்தை மீற மறுத்துவிட்டார். கலாகவா மன்னர் அவர்களை அரண்மனையில் வரவேற்றார், இரவு பெரிய விருந்து நடந்தது, ஒரு பந்துகூட வீசாமல் அன்றிரவே கப்பல் கிளம்பியது. பாஸ்டன் பாதிரிமார் கொண்டுவந்த ஞாயிறு, பாஸ்டன் பிள்ளைகளின் ஆட்டத்தை நிறுத்திவிட்டது. அப்போது கார்ட்ரைட் அதே ஊரில் 68 வயதில் இருந்தார்.


நாவலடியாள்:

ஐயா, அந்தப் பயணத்தின் மீதிக் கதை எங்கள் பக்கத்தில் இருக்கிறது! நியூசிலாந்து, ஆஸ்திரேலியா முடித்து அதே அணிகள் 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கின. அங்கே ஞாயிறு குறுக்கே வரவில்லை. ஆடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹொனலுலுவில் ஆட முடியாததைக் கொழும்பில் ஆடினார்கள் என்று இன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

நான் இரண்டு வேலை செய்யப்போகிறேன். உதயதாரகையின் பழைய இதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து முதல் ஆண்டிலிருந்து புரட்டுவேன், பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்று ஒரு வரி வந்தாலும் இங்கே போடுவேன். மற்றது, வருகிற சனிக்கிழமை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லே ஆடுகிறார்கள். இரண்டு அணிக்கும் பெயர் கேட்டார்கள். ஒன்றுக்கு 'ஐபுனி' என்று சொல்லியிருக்கிறேன். என்ன அர்த்தம் அக்கா என்றாள் ஒருத்தி. சுற்றி ஓடி வா, பிறகு சொல்கிறேன் என்றேன்.